பத்தடி ட்ரை நெட்: ஆற்றடிக் கண்ணில்லாக் கெளுத்திக்கு இந்த வலை போதுமா?

இறால் படகுகளில் பெரிய வலையை இறக்குவதற்கு முன் சின்ன வலை ஒன்றைச் சில நிமிடம் இழுத்துப் பார்ப்பார்கள். இறால் ஏறினால் பெரிய வலை இறங்கும். இல்லையென்றால் படகு வேறு இடம் பார்க்கும். அமெரிக்காவின் வளைகுடாக் கரையில் இதற்கு ட்ரை நெட் என்று பெயர். தலைக்கயிறு (வலை வாயின் மேல் விளிம்புக் கயிறு) பத்தடி, அதாவது சுமார் 3 மீட்டர். இரண்டு மரப்பலகை, கூம்பாகச் சுருங்கும் வலை, கடைசியில் ஒரு பை. நம் ஊர் விசைப்படகின் இழுவை மடியைச் சுருக்கி வைத்தது போலத்தான் இருக்கும். ஒரே ஆள் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். இறாலுக்காகப் பிறந்த இந்த வகைச் சின்ன இழுவலைகள் இன்று ஆற்று மீன் ஆராய்ச்சியிலும் ஓடுகின்றன.

இங்கே இதை ஒரே ஒரு வேலைக்காக எடைபோடுகிறோம். அமேசானின் நடு வாய்க்காலில், 20 முதல் 50 மீட்டர் ஆழத்தில், 2 சென்டிமீட்டர் அளவிலான கண்ணில்லாக் கெளுத்தியை உடம்பு சிதையாமல் மேலே கொண்டுவர இது உதவுமா? பலகையும் வலையின் வெட்டும் நன்றாக இருக்கின்றன. பையின் வலைக்கண் இந்த மீனுக்குச் சரிப்படாது. கயிறு, வின்ச் (கயிறு சுற்றும் இயந்திரம்), அறுபடும் இணைப்பு எதுவும் வலையோடு வராது. செலவும் மீன் கிடைப்பதும் கிடைக்காததும் அவற்றில்தான் இருக்கின்றன.

முதலில் மீன். 1994-இல் ஜான் லண்ட்பெர்க்கும் லூசியா ராப் பை-டேனியலும் பிரேசில் அமேசானிலிருந்து கண்ணும் நிறமும் இல்லாத குட்டிக் கெளுத்தி ஒன்றை விவரித்தார்கள். இன்று அதன் பெயர் சீட்டாப்சிஸ் ஒலிவெய்ரை. 1996-இல் ஜான் ஃப்ரியலும் லண்ட்பெர்க்கும் மைக்ரோமைஸான் அகாமாயை விவரித்தார்கள். அது பாஞ்சோ கெளுத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது: தட்டையான தலை, மெலிந்த வால், உடம்பில் எலும்புத் தகடுகள், கண் கிடையாது. அதன் உறவான மைக்ரோமைஸான் ஒரினோகோ 2016-இல் வெனிசுவேலாவிலிருந்து வந்து சேர்ந்தது. அமேசானின் சேற்று நீரில் வெளிச்சம் அரை மீட்டர் தாண்டுவதே பெரும்பாடு. 30 மீட்டருக்குக் கீழே பகலும் இரவும் ஒன்றுதான்.

வலை வாங்குபவருக்கு இதில் முக்கியமான செய்தி வேறு. பாஞ்சோ கெளுத்தி வேகமாக நீந்தித் தப்பிக்கிற மீன் அல்ல. தொட்டால்கூடத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். அவசரமென்றால் செவுள் வழியாக நீரைப் பீய்ச்சி ஒரு தாவு தாவும். இறால் அப்படியல்ல, அடிக்கயிறு (வாயின் கீழ் விளிம்புக் கயிறு) நெருங்கினதும் துள்ளி எழும்பி வலைக்குள் விழும். ட்ரை நெட்டின் அடிக்கயிறு அந்தத் துள்ளலை நம்பிக் கட்டியது. தரையில் படுத்திருக்கும் 15 மில்லிமீட்டர் மீன் மீது அது அப்படியே ஏறிப் போய்விடும். எனவே முதல் மாற்றம், அடிக்கயிற்றுக்கு முன்னால் ஓடும் ஒரு கிளறு சங்கிலி. 5 அல்லது 6 மி.மீ. தடிமன் போதும். இரு பலகைகளின் வால் முனையில் மாட்ட வேண்டும். நீளம் அடிக்கயிற்றைவிட 30 முதல் 40 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். சம நீளமாக இருந்தால் சங்கிலி பின்னால் வளைந்து அடிக்கயிற்றோடு சேர்ந்துவிடும், கிளறாது. மணல் அடியில் இது நன்றாக வேலை செய்கிறது. மரக்கட்டை கிடக்கும் இடத்தில் கழற்றி வைத்துவிடுங்கள். முதலில் மாட்டிக்கொள்வது அதுதான்.

வலைக்கண் விஷயத்தில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். கடையில் வரும் வலையின் உடல் பெரும்பாலும் 38 மி.மீ., பை 32 மி.மீ. ஆய்வுக்கு என்று கேட்டால் உள்ளே 6 மி.மீ. உள்பை ஒன்று வைத்துத் தைத்துத் தருவார்கள். இந்த 6 எதை அளந்தது? கண்ணை மூலைக்கு மூலை இழுத்து அளந்தால் அது முழு இழுப்பு அளவு. ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரை அளந்தால் பக்க அளவு. முன்னது பின்னதைப் போல இரு மடங்கு. பக்க அளவு 6 என்றால் மைக்ரோமைஸான் தலையோடு வெளியே போய்விடும். முழு இழுப்பில் 6, அதாவது பக்கம் 3 என்றால் பெரும்பாலும் தங்கும். விலைச்சீட்டில் எது என்று எழுதியிருக்காது. ஆர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள், வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

அப்படியானால் முழு வலைக்குள்ளும் 2 மி.மீ. துணியைத் தைத்துவிடலாமே என்று தோன்றும். தைத்தால் வலை கெட்டது. நுண்ணிய துணி நீரை விடாது. நீர் பைக்குள் தேங்கி வாய் வழியாகப் பின்வாங்கும். வலையின் முன்னால் ஒரு நீர்மெத்தை உருவாகித் தரையில் கிடப்பதையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிடும். இலைச்சருகு ஏறினால் ஐந்து நிமிடத்தில் துணி முழுக்க அடைத்துவிடும். சரியான வழி, முடிச்சில்லாத நைலான் துணியில் 2 முதல் 3 மி.மீ. பக்க அளவில், பையின் கடைசி 50–60 செ.மீ. மட்டும் உள்தையல் போடுவது. அதற்கு முன்னால் 6 மி.மீ. பக்க அளவு. முடிச்சுள்ள வலை வேண்டாம். முடிச்சு தேய்த்தே மீனின் மீசையும் துடுப்பு நுனியும் போய்விடும், பிறகு இனம் பிரிக்க எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

தலைக்கயிற்று மிதவைகளையும் பாருங்கள். வலையோடு வரும் நுரைப்பஞ்சு மிதவை ஆழமில்லாத கடலோரத்துக்கானது. 50 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல ஆறு மடங்கு. பஞ்சு சுருங்கி மிதப்பு போய்விடும், வலையின் வாய் சப்பையாகும். ஆழம் குறிப்பிட்டு விற்கும் கெட்டிப் பிளாஸ்டிக் மிதவை இரண்டோ மூன்றோ மாற்றிப் போடுங்கள்.

பலகைகளுக்கு நல்ல மதிப்பெண் தரலாம். சுமார் 30 க்கு 60 செ.மீ. மரம், கீழ் விளிம்பில் இரும்புப் பட்டை, உள்பக்கம் நான்கு மூலையிலிருந்து நான்கு சங்கிலி. இவை நீரைச் சாய்வாக வெட்டி வெளிப்பக்கம் ஒதுங்குவதால்தான் வாய் விரிகிறது. 3 மீட்டர் தலைக்கயிற்றுக்கு உண்மையான விரிவு ஒன்றரை முதல் 2 மீட்டர் வரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகை சரியாக ஓடுகிறதா என்பதைச் சொல்ல கேமரா தேவையில்லை, இரும்புப் பட்டையே சொல்லும். இரண்டு மூன்று இழுப்புக்குப் பிறகு பட்டையைத் துடைத்துப் பாருங்கள். முனை முதல் வால் வரை ஒரே சீராகப் பளபளத்தால் சரி. வால் பக்கம் மட்டும் பளபளப்பு என்றால் மூக்கு தூக்கிக்கொண்டு ஓடுகிறது: கயிறு குறைவு அல்லது வேகம் அதிகம். மூக்கு மட்டும் தேய்ந்திருந்தால் கயிறு அதிகம். பட்டையில் துரு அப்படியே இருந்தால் அந்த வலை தரையைத் தொடவே இல்லை. பைக்குள் வந்தது என்னவாக இருந்தாலும் அது நடுநீர் மீன். இளகிய சேற்றில் பலகை புதைந்தால் மேல் சங்கிலி இரண்டையும் ஒரு வளையம் குறைத்து மாட்டுங்கள். தலை உள்பக்கம் சாய்ந்து பலகை லேசாக ஓடும்.

கயிறு விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. மலிவான பாலிப்ரொப்பிலீன் கயிறு நீரில் மிதக்கும். 150 மீட்டர் மிதக்கும் கயிற்றை விட்டால் அது பலகையை மேலே தூக்கும்; கீழே அழுத்த எவ்வளவு ஈயம் கட்டினாலும் பற்றாது. 12 மி.மீ. நைலான் அமிழும், இழுபட்டாலும் நீண்டு கொடுக்கும். 6 மி.மீ. இரும்பு வடம் இன்னும் நன்றாக அமிழும், ஆனால் அதற்கு வின்ச் வேண்டும். பிரேசில் அமேசானின் மனாவுஸ் நகரில் வாடகைக்குக் கிடைக்கும் மரப்படகுகளில் பெரும்பாலும் வின்ச் எதிர்பார்க்க முடியாது. நைலானும் கையால் சுற்றும் கப்பியும்தான் நடைமுறை. ஆழத்தைப் போல நாலு மடங்கு கயிறு என்று தொடங்குங்கள்: 30 மீட்டருக்கு 120. ஐம்பதுக்கு மூன்றரை மடங்கு போதும், 175. எனவே 250 மீட்டர் ஒரே துண்டாக வாங்குங்கள். ஒவ்வொரு 25 மீட்டருக்கும் நிறநூல் அடையாளம் கட்டுங்கள். கயிற்றின் முனையில் ஸ்விவெல் (முறுக்கை விடுவிக்கும் சுழல் இணைப்பு), அதையடுத்து 10–15 கிலோ இரும்பு எடை, பிறகு 15 மீட்டர் கொண்ட இரண்டு கிளைகளாக பிரைடில், அதன் முனைகளில் பலகைகள். ஸ்விவெல் இல்லாமல் போட்டால் கயிற்றின் முறுக்கு பிரைடிலுக்குப் போய் இரண்டு பலகையும் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும்.

இழுக்கும் திசை ஆற்றோட்டத்தோடுதான். எதிரே இழுத்தால் மேற்பரப்பின் வேகநீர் கயிற்றைப் பிடித்துத் தள்ளி வலையைத் தரையிலிருந்து தூக்கிவிடும், டீசலும் கரையும். ஓட்டத்தோடு போகும்போது கணக்கு இப்படி: மேற்பரப்பு நீர் நொடிக்கு 1.5 மீட்டர் ஓடுகிறது, அடியில் 0.8 தான் என்று வைத்துக்கொள்வோம். படகு ஜிபிஎஸ்ஸில் 2 மீட்டர் காட்டும்படி ஓட்டினால், வலைக்கும் அடிநீருக்கும் இடையே 1.2 மீட்டர் வேகம் கிடைக்கும். பலகை விரிய அது போதும். எஞ்சினை அணைத்து வெறுமனே மிதந்தால் வேக வித்தியாசம் குறைந்து பலகைகள் விழுந்துவிடும். இந்தக் கணக்கில் பத்து நிமிடத்துக்கு 1,200 மீட்டர், விரிவு 1.8 என்றால் சுமார் 2,160 சதுர மீட்டர் அடித்தளம் அலசியாயிற்று.

வலை போடுவதற்கு முன் அதே கோட்டில் எக்கோ சவுண்டரோடு (ஒலியால் ஆழம் பார்க்கும் கருவி) ஒரு தடவை போய் வாருங்கள். 200 கிலோஹெர்ட்ஸ் கருவி இந்த ஆழத்துக்குத் தாராளம். அமேசானின் அடி சமதளம் அல்ல. பல மீட்டர் உயர மணல் மேடுகள் அலையலையாகக் கிடக்கின்றன. மேடுகளின் மேல் வலை தாவித் தாவிப் போகும், பள்ளத்தில் தரையைத் தொடாது, ஏற்றத்தில் மணலை அள்ளும். திரையில் திடீரென்று முள்ளாக நிற்கும் எதிரொலி மரம். அந்தக் கோட்டை விட்டுவிடுங்கள். அரித்து விழும் கரைப்பக்கம் மரங்கள் அதிகம், எதிர்ப்பக்கம் குறைவு. மனாவுஸ் பக்கம் அக்டோபர், நவம்பரில் நீர் இறங்கியிருக்கும். ஜூன் வாக்கில் உச்சம். இரண்டுக்கும் இடையே சராசரி 10 மீட்டர் வித்தியாசம். இறங்கிய பருவமே வேலைக்கு ஏற்றது. நீர் ஏறும் மாதங்களில் மிதந்து வரும் மரத்துக்கு அளவே இல்லை.

இறக்கும் வரிசை: பை முதலில், பிறகு வலை. நீரில் நேராக விரிந்ததைப் பார்த்த பிறகே பலகைகள். பலகைகளை நீர்மட்டத்தில் பிடித்து, இரண்டும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குவதைக் கண்ணால் பார்த்த பின் கயிற்றை இறுக்கமாகவே விடுங்கள். தளரவிட்டால் பலகைகள் குறுக்கே விழும். கயிறு முழுக்கப் போனதும் கையை அதன்மேல் வையுங்கள். மணலில் பொடிப்பொடியான அதிர்வு வரும், சேற்றில் வழுக்கலாக இருக்கும், கட்டையில் இடித்தால் வெட்டி வெட்டி இழுக்கும். அதிர்வே இல்லை என்றால் தரை தொடவில்லை. நேரம் எண்ணத் தொடங்குவது அதிர்வு வந்த பிறகுதான். புதிய இடத்தில் ஐந்து நிமிடம், தெரிந்த இடத்தில் பத்து. அதற்கு மேல் இழுத்தால் மணலும் சருகும் சேர்ந்து பைக்குள்ளேயே குட்டி மீன்களை அரைத்துவிடும்.

இனி ஆபத்து. ஓட்டத்தோடு போகும் படகின் பின்பக்கத்தில் கட்டிய வலை அடியில் மரத்தில் மாட்டினால், ஆற்றின் முழு வேகமும் படகைக் கீழ்நீர்ப் பக்கம் தள்ளும், கயிறு பின்விளிம்பை அமுக்கும். சின்னப் படகில் பின்பக்கமாக நீர் ஏறச் சில நொடிகள் போதும். இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை, விற்பவர் யாரும் இதைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, படகில் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது. கிளீட்டில் (கயிறு சுற்றும் படகுக் கொம்பு) சுற்றி, ஓர் ஆள் பிடித்திருக்க வேண்டும், பக்கத்திலேயே கத்தியும் கடைசி முனையில் மிதவையும். மாட்டினால் முழுக் கயிற்றையும் விட்டுவிட்டு மிதவையைப் பிறகு போய் எடுக்கலாம். இரண்டு, ஒரு பக்கப் பிரைடிலுக்கும் பலகைக்கும் நடுவே 6 மி.மீ. கயிற்றால் ஓர் அறுபடும் இணைப்பு. சுமார் அரை டன் இழுப்பில் அது அறும். வலை ஒரு பக்கமாகச் சரிந்து கட்டையிலிருந்து வழுக்கி வந்துவிடும். 12 மி.மீ. நைலான் தாங்குவது கிட்டத்தட்ட 3 டன் என்பதால் பிரதான கயிறு பத்திரம். மூன்று, மாட்டிய வலையை அதே திசையில் இழுத்து விடுவிக்கப் பார்க்காதீர்கள். படகைத் திருப்பி, கயிற்றைச் சேர்த்துக்கொண்டே ஓட்டத்துக்கு எதிராக வலைக்கு நேர்மேலே போய், அங்கிருந்து மேல்நீர்ப் பக்கமாக இழுங்கள். நுழைந்த வழியே வெளியே வரும். கயிறு சேர்க்கும்போது அது புரொப்பெல்லரில் சுற்றாமல் பார்க்கத் தனி ஆள் வேண்டும்.

மேலே வந்த பையை நேராகத் தட்டில் கொட்டினால் பாதி மீனை இழப்பீர்கள். பெரிய தொட்டியில் ஆற்றுநீர் நிரப்பி, பையை அதற்குள் மூழ்கவைத்து அவிழ்க்க வேண்டும். சருகை ஒவ்வொரு கைப்பிடியாக அலசிக் கழியுங்கள். 10, 4, 1 மி.மீ. சல்லடைகள் ஒன்றன்கீழ் ஒன்று. முதலில் கையில் வருவது பெரும்பாலும் மின்மீன்களும் (உடம்பில் மின்சாரம் உண்டாக்கும் மீன்கள்) சிறு கெளுத்திகளும்தான். ஆழ வாய்க்காலின் பெரும்படை அவைதான். கண்ணில்லாத சின்னது கடைசிச் சல்லடையில், சருகு நரம்புக்கும் மணலுக்கும் நடுவே ஒட்டியிருக்கும். எல்லோரும் வைத்திருக்கும் வெள்ளைத் தட்டில் நிறமற்ற மீன் தெரியவே தெரியாது. கறுப்புத் தட்டு வாங்குங்கள், மேலே பக்கவாட்டில் ஒரு விளக்கு. அசைவுக்குக் காத்திருக்க வேண்டாம். பாஞ்சோ வகை அசையாது, சருகுத்துண்டு மாதிரியே கிடக்கும். அகன்ற தட்டைத் தலையும் சட்டென்று மெலியும் வாலும் தெரிந்தால் மென்மையான இடுக்கியால் அல்ல, கரண்டியால் நீரோடு எடுங்கள்.

அடுத்த இழுப்புக்கு முன் வலையைத் திருப்பிப் போட்டுக் கழுவுவது கட்டாயம். தையல் மடிப்பில் ஒட்டிய ஒரு மீன் அடுத்த இடத்தின் பதிவாக மாறினால் அந்தத் தரவு பொய். வலை மேலே ஏறும்போதும் வாய் திறந்தே இருப்பதால் நடுநீர் மீனும் கலந்துதான் வரும். ஆழம் எழுதும்போது அதையும் குறித்துவிடுங்கள்.

பாதுகாப்பது பற்றிச் சுருக்கமாக: கிராம்பு எண்ணெயில் மயக்கிய பின், மரபணுவுக்கு வேண்டிய ஒன்றிரண்டை நேரே 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். மற்றவை 10 சதவீத ஃபார்மலினில்: கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு, சிறிது வெண்காரம். இந்த அளவு மீனுக்கு ஒன்றிரண்டு நாள் போதும், பிறகு கழுவி 70 சதவீத எத்தனால். வெண்காரம் போடாவிட்டால் அமிலம் எலும்புத் தகடுகளைக் கரைக்கும். மைக்ரோமைஸானில் பார்க்க வேண்டியதே அந்தத் தகடுகள்தான்.

வேறு வலைகளோடு ஒப்பிட்டால்? மிசிசிப்பி, மிசூரி ஆறுகளுக்காக உருவான மிசூரி ட்ரால் சிறு மீனுக்கென்றே இரட்டை அடுக்காகக் கட்டியது; வெளியே நுண்வலை போர்த்தியிருக்கும். பைக்கு மாற்றம் செய்ய நேரமில்லாதவர்களுக்கு அது நல்ல தொடக்கம். சட்டம் வைத்த பீம் ட்ராலில் வாய் எப்போதும் ஒரே அகலம், அலசிய பரப்பைத் துல்லியமாகச் சொல்லலாம், பலகைத் தொல்லை இல்லை. ஆனால் இரும்புச் சட்டம் மரத்தில் மாட்டினால் மடங்கி வழுக்காது, அங்கேயே நிற்கும். கட்டை நிறைந்த அமேசானில் இது சின்னக் குறையல்ல. மின்சாரம் பாய்ச்சிப் பிடிக்கும் கருவி இந்த ஆழத்துக்கு எட்டாது. கேரளத்தின் ஹொராக்ளானிஸ் இனக் கண்ணில்லாக் கெளுத்திகளுக்கு இந்த வலையை யாரும் கேட்டுவிட வேண்டாம். அவை செம்பாறை நிலத்தடி நீரில் வாழ்பவை, கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் வருபவை.

பிரேசிலில் அனுமதியில்லாமல் இதை நீரில் நனைக்கவே கூடாது. சேகரிப்புக்கு சிஸ்பியோ (உயிரினச் சேகரிப்புக்கான அரசு இணையப் பதிவு) உரிமம், வெளிநாட்டவருக்கு அதற்கு மேல் தனி ஆய்வு அனுமதி, மரபணு வேலைக்கு 2015-ஆம் ஆண்டின் 13.123 எண் சட்டப்படி சிஸ்ஜென் என்ற மரபுவளப் பதிவு. உள்ளூர் நிறுவனக் கூட்டாளி இல்லாமல் இவை நகராது. மனாவுஸின் இன்பா (அமேசான் ஆய்வுக்கான தேசிய நிறுவனம்) போன்ற இடத்தில் மாதிரிகள் சேர வேண்டும் என்பதையும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

ஆழம் 20 முதல் 50 மீட்டர், அடி மணல், கையில் 12 மீட்டருக்கு மேல் நீளமான படகு, நாலு ஆள் என்றால் வாங்கலாம். வாங்கினால் ஒன்றல்ல, இரண்டு. கூடவே மூன்றாவதாக ஒரு வெற்றுப் பையும், அரை டஜன் அறுபடும் இணைப்பும், வலை தைக்கும் ஊசியும் நூலும். முதல் வலை எப்படியும் ஒரு மரத்துக்குப் போகும். பதினாறடி மாதிரி வேண்டாம்: அலசும் பரப்பு கூடும், ஆனால் வின்ச் இல்லாமல் ஆழத்திலிருந்து மணல் ஏறிய பையைக் கையால் தூக்குவது நடக்காத காரியம். வேலை முடிந்ததும் நல்ல நீரில் அலசி நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டுங்கள். வெயிலில் போட்ட நைலான் அடுத்த பருவத்தில் கையாலேயே கிழியும்.